காலுறை காயும் வரை

ஈரக் காலுறையைப் போட்டு, அதன்மேல் புது பூட்ஸை மாட்டி, காலுறை காலிலேயே காய்கிறவரை நடக்க வேண்டும், நடுவில் கழற்றினால் செய்ததெல்லாம் வீண், மறுபடி முதலிலிருந்து என்று ஹவில்தார் சூசை சொல்லியிருந்தார். அப்படி நடந்தால்தான் தோல் நம் காலுக்குப் பழகுமாம். நம் கால் தோலுக்குப் பழகிக்கொள்வதைத்தான் அவர் அப்படி நாசூக்காகச் சொல்கிறார் என்று எனக்குச் சந்தேகம். எனக்கு இப்போதெல்லாம் எதைக் கேட்டாலும் சந்தேகம்தான். மணி மூன்றரை. ஆறு மணிக்குள் காய்ந்துவிடும் என்று வைத்துக்கொண்டால் இரண்டரை மணி நேரம் நான் ஹாலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டிருக்க வேண்டும், சுடிதாருக்குக் கீழே போலீஸ்காரன் பூட்ஸோடு, டக் டக் என்று. கீழ்வீட்டுக்காரர்கள் ஊருக்குப் போயிருப்பது நல்லதாகப் போயிற்று. ஹாலின் நடுவில் இவர் சம்மணம் போட்டு உட்கார்ந்து, என் துணி ஒவ்வொன்றிலும் கறுப்பு மார்க்கரால் என் பெயரை எழுதிக்கொண்டிருக்கிறார். செண்பகவல்லி ஆ. அந்த ஆ இவர்தான், ஆவுடையப்பன். மின்வாரியத்தில் ரீடிங் எடுக்கிறவர், அதனால் எழுத்து சின்னதாக, சுத்தமாக இருக்கும். துண்டிலும் தலையணை உறையிலும் உள்பாவாடையிலும்கூட இந்த மனுஷன் இப்படி அக்கறையாக என் பெயரை எழுதுவதைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு இளக வேண்டும். இளகவில்லை. பதினோரு வருஷத்தில் என் துணி எந்த அலமாரியில் இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாதவர். சுவரோரம் வந்ததும் திரும்பினேன். வலது கை வலது காலோடு சேர்ந்து முன்னே போனது. நின்றேன். மறுபடி தொடங்கினேன். இந்தக் கோளாறு எனக்குப் பதினைந்து நாளாக இருக்கிறது. கல்லூரி மைதானத்தில் சூசை பார்த்துக்கொண்டு நிற்கும்போது வரும், பெஞ்சு பெஞ்சாக மாணவிகள் பார்க்கும்போது வரும், நானே என்னைப் பார்க்கும்போது நிச்சயம் வரும். “மேடம், யோசிக்காதீங்க. ஒரு வயசுப் பிள்ளை யோசிச்சா நடக்குது? கை எங்க போகுதுன்னு பாத்தீங்கன்னா ஒரே கை ஒரே கால்தான் வரும்” என்றார் சூசை. பார்க்காமல் எப்படி இருப்பது?

வியாழக்கிழமை ரயில். குவாலியரில் பயிற்சி, மூன்று மாதத்துக்குக் கொஞ்சம் குறைவு. முடித்துவிட்டு வந்தால் தோளில் இரண்டு நட்சத்திரம், லெப்டினன்ட் செண்பகவல்லி, எங்கள் கல்லூரி என்.சி.சி. பெண்களுக்கு அதிகாரி. முன்பு அதிகாரியாக இருந்த அம்மா ஓய்வு பெற்றுப் போய் ஒரு வருஷமாக அந்த நாற்காலி காலி. யாரும் போகாவிட்டால் அணியையே கலைத்துவிடுவோம் என்று கடிதம் வந்திருந்தது, ஐம்பத்திரண்டு பிள்ளைகள். முதல்வர் அம்மா என்னைக் கூப்பிட்டு, “நீங்கதான் சரிப்பட்டு வருவீங்க” என்றபோது, ஜூனில் துறைத்தலைவர் பதவி காலியாகிற சமயத்தில் என்னை வடக்கே அனுப்பப் பார்க்கிறார்களோ என்றுதான் முதலில் தோன்றியது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். ஆனாலும் சரி என்றேன், ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. பத்தொன்பது வயதில் டெல்லி முகாமுக்கு என் பெயர் வந்தது, காக்கியை இஸ்திரி போட்டு வைத்திருந்தேன், அப்பா சாப்பாட்டுத் தட்டைவிட்டு நிமிராமலே, பொம்பளப் பிள்ளை டெல்லிக்கா என்றார், அவ்வளவுதான் முடிந்தது. இப்போது முப்பத்தொன்பது. அடுத்த வருஷம் வயது தாண்டிவிடும், இனி ஒரு கடிதம் வராது. எனக்குப் போக வேண்டும். இதை நான் யாரிடமும் இப்படிச் சொல்லவில்லை. காலேஜ்ல கட்டாயப்படுத்துறாங்க, என்ன செய்ய என்றுதான் வீட்டில் சொன்னேன். பொய் சொல்லத் தொடங்கியது நான்தான், அப்போதே. மற்றவர்களை மட்டும் சந்தேகப்பட்டு என்ன?

கடிதம் வந்தது பொங்கல் கழிந்து. சண்டைக்குத் தயாராக வந்தேன். மதுரையில் இரண்டு நாள் கருத்தரங்குக்குப் போக ஒரு வாரம் முகம் தூக்கிவைத்த வீடு இது. அத்தை அடுப்படியில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், அவளுடைய அம்மிணி, என் மகள், பக்கத்தில் உட்கார்ந்து செய்தித்தாள் வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். தீபாவளிக்கு முன்பே அத்தையின் கண்ணாடி உடைந்துபோயிற்று, மாற்றித் தருகிறேன் மாற்றித் தருகிறேன் என்று இவர் சொல்லிக்கொண்டே இருக்கிறார், அதுவரை பேத்தி வாசித்தால்தான் உலகச் செய்தி. நான் விஷயத்தைச் சொல்லி முடிக்கவில்லை, “போயிட்டு வா தாயி, பிள்ளைய நான் பாத்துக்கிடுதேன்” என்றாள் அத்தை. கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இவரோ அதற்கு மேல். “போ செம்பா, நல்ல வாய்ப்பு” என்றார். அன்று ராத்திரியே போனில் பார்த்து ரெட்டை ஜடை பின்னக் கற்றுக்கொள்ள உட்கார்ந்துவிட்டார், மகள் தலையைப் பிடித்துக்கொண்டு. டிக்கெட்டும் இவரே எடுத்தார். ஆடு நனைகிறதே என்று அழுகிற ஓநாய் எந்தப் பக்கம் நிற்கிறது என்று எனக்குத் தெரியவில்லை, ஆனால் நிற்கிறது, வாடை வருகிறது. கால் நுனியில் ஈரம் இப்போது வெதுவெதுப்பாகிவிட்டது, குதிகாலில்தான் தோல் கடிக்கிறது. நடந்தேன். அடுப்படிவரை போய்த் திரும்பும்போது கதவுக்குப் பின்னால் அந்த மாதக் காலண்டர். பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன். பத்தொன்பதாம் தேதிக் கட்டத்தில் நீல மசியில் ஒரு புள்ளி, நான் வைக்காதது.

இன்று இருபத்தெட்டு. ஒன்பது நாள் தள்ளிப்போயிருக்கிறது. இதை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை, ஆனால் இந்த வீட்டில் சொல்லவேண்டிய அவசியமே இல்லை. சாயங்காலம் சாமி விளக்கு ஏற்றுகிறவள் நான். ‘அந்த’ நாட்களில், அத்தை, நீங்க ஏத்துங்க என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான், அவள் ஏற்றுவாள், ஏன் என்று கேட்கமாட்டாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இதுதான் வழக்கம். வேதியியலில் முனைவர் பட்டம் வாங்கியவளுக்கு இது என்ன என்று நீங்கள் கேட்கலாம், நானும் கேட்டுக்கொண்டதுண்டு, பிறகு மூன்று நாள் விளக்குத் துடைக்கிற வேலை மிச்சம் என்று விட்டுவிட்டேன். ஆக, விளக்கு ஏறாத நாள் எது என்று பார்த்துக்கொண்டிருக்கிற எவருக்கும் என் உடம்பின் கணக்கு தெரியும். ஜனவரியில் ஒரு மூன்று நாள் அத்தை ஏற்றினாள். இந்த மாதம் இன்றுவரை ஒருநாள் விடாமல் நானே ஏற்றுகிறேன். அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பத்தொன்பதில் புள்ளி வைத்துவிட்டு, அது தாண்டுவதையும் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அதனால்தான் அவ்வளவு சுலபமாகப் போயிட்டு வா என்றாள், போகமாட்டேன் என்று அப்போதே கணக்குப் போட்டவளுக்கு வழியனுப்ப என்ன கஷ்டம்? போன வாரம் மொச்சை உரிக்கும்போது தானாக ஒரு கதை சொன்னாள். அவளுக்குப் பதினெட்டு வயதில் மதுரையில் நர்ஸ் படிப்புக்கு ஆர்டர் வந்ததாம், டிரங்குப் பெட்டிகூட வாங்கியாயிற்றாம். “ஏன் அத்தை போகல?” என்று கேட்டேன். “இவன் வயித்துல” என்று இவரைக் காட்டிச் சிரித்தாள். என்ன சிரிப்பு அது? கதை சொல்கிற மாதிரி எனக்கு என்ன நடக்கப்போகிறது என்று முன்கூட்டியே சொல்கிறாளா? ஒரே பிள்ளையோடு நிறுத்தாதே, ஒண்ணுக்கு ஒண்ணு துணை வேணும் என்று அவள் வாயால்தான் கேட்டிருக்கிறேன். இல்லை, யோசித்துப் பார்த்தால், அம்மா சொல்லுதா என்று இவர் வாயால் கேட்டிருக்கிறேன். இரண்டும் ஒன்றுதானே.

“செம்பா, வெள்ளை கேன்வாஸ் ரெண்டு ஜோடின்னு போட்டிருக்கான். ஒண்ணுதானே இருக்கு?” என்றார் இவர். கொண்டுவர வேண்டிய சாமான்களின் பட்டியல் இவர் முழங்காலில் இருந்தது. சரிபார்த்த சாமானுக்கு எதிரே சட்டைப்பை நீலப் பேனாவால் ஒரு புள்ளி வைத்துக்கொண்டே வருகிறார், மீட்டர் அட்டையில் வைக்கிற பழக்கம், மளிகைச் சீட்டிலும் வைப்பார். “நாளைக்கு வாங்கிக்கிடலாம்” என்றேன். “வாங்கிக்கிடலாம், வாங்கிக்கிடலாம். அவசரமில்ல.” நான் மேற்கொண்டு நடந்துவிட்டேன், ஐந்தடி போன பிறகுதான் அது உறைத்தது. நாலு நாளில் ரயில் ஏறவேண்டும், எப்படி அவசரமில்லை? எல்லாவற்றுக்கும் பறக்கிற மனுஷன், ரீடிங் ஒருநாள் தள்ளினால் சாப்பாடு இறங்காதவர். முந்தாநாள் மாடிப்படியில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார், “மூணு நாளைக்கு முந்தி ரத்து பண்ணுனா எவ்வளவு பிடிப்பாங்க?” என்று. அலுவலகத்தில் யாரோ திருப்பதி போவதாக இருந்தது, அதுவாக இருக்கும். அதுவாகத்தான் இருக்கும். தைப்பூசத்தன்று ராத்திரிகூட, மெடிக்கல் கடை அடைச்சிருக்கு செம்பா, ஒருநாள்தானே, ஒண்ணும் ஆகாது என்றார். பஸ் நிலையத்துக்கு எதிர்க்கடை எந்த நாளும் அடைத்து நான் பார்த்ததில்லை. ஆனால் லீவு நாள், யாருக்குத் தெரியும்? சொந்தப் புருஷனைப் போய் அப்படி நினைக்கலாமா? உட்கார்ந்து உள்பாவாடையில் பெயர் எழுதுகிறவனை? நினைத்தால் நினைப்பு நிற்காது, பிறகு பக்கத்தில் படுக்க முடியாது, சோறு போட முடியாது, எல்லாவற்றிலும் ஒரே கை ஒரே கால்தான். அதனால் அத்தையையே சந்தேகப்பட்டுக்கொண்டேன். மாமியாரைச் சந்தேகப்படுவதில் ஒரு வசதி இருக்கிறது, வீடு உடையாது, ஊர் உலகமே செய்கிற காரியம்.

தொலைக்காட்சிப் பெட்டிக்கு மேல் இன்னும் கையெழுத்துப் போடாத ஒரு தாள் இருக்கிறது. பூச்சட்டியை வைத்து மூடியிருக்கிறேன். ஆங்கிலம், தமிழில் சொன்னால், என் அறிவுக்கு எட்டியவரை நான் கர்ப்பமாக இல்லை என்று இதனால் உறுதி கூறுகிறேன். அங்கே போய்த் தெரிந்தால் அடுத்த ரயிலில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். என் கைப்பையில், கல்லூரி ரெக்கார்டு நோட்டுக்குள் ஓர் அட்டைப்பெட்டி இருக்கிறது. வீட்டுப் பக்கம் வாங்கினால் ஊருக்கே தெரியும் என்று மருத்துவச் சான்றிதழில் முத்திரை வாங்கத் திருநெல்வேலி போன அன்று பஸ் நிலையத்தில் வாங்கினேன். கடைக்காரர் அதைப் பழுப்புக் காகிதத்தில் சுற்றி, என் தாலியை ஒருமுறை பார்த்து, பிறகு கொடுத்தார். அவரும் என்னைச் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். இரண்டு சொட்டு, ஐந்து நிமிஷம். ஒரு கோடு வந்தால் இல்லை, இரண்டு வந்தால் இருக்கிறது. பதினான்கு வருஷமாக, சந்தேகமா இருந்தா சோதிச்சுப் பாருங்க, ஊகிக்காதீங்க, நிறம் பொய் சொல்லாது என்று பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறவள் நான். ஆறு நாளாக அந்தப் பெட்டியைத் திறக்கவில்லை. திறக்காதவரை என் அறிவுக்கு எட்டியவரை நான் கர்ப்பமாக இல்லை. தினமும் காலையில் சூசையோடு மூன்று கிலோமீட்டர் ஓடுகிறேன், திடீரென்று ஓட ஆரம்பித்தால் நாள் தள்ளுவதுண்டு என்று போனில் படித்தேன், அப்படியும் இருக்கலாம். பயம் கோட்டைப் பற்றியது மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. கோடு இரண்டு வந்தால், நான் சொல்லுமுன்பே இந்த வீட்டுக்குத் தெரிந்துவிடும், என் முகத்தைப் பார்த்து, விளக்கைப் பார்த்து. பிறகு ஒருவரும் என்னை ஒன்றும் கேட்கமாட்டார்கள். பெட்டியைப் பிரித்து, துணியை அலமாரியில் அடுக்கி, பாலில் குங்குமப்பூ கலக்க ஆரம்பித்துவிடுவார்கள். எல்லாரும் சந்தோஷமாக இருப்பார்கள். சாப்பாட்டுத் தட்டைவிட்டு நிமிராமலே முடிந்துவிடும். அதை நினைத்தால் எனக்கு அழுகை வருகிறது. வந்தது, திரும்பி அடுப்படிப் பக்கம் நடந்து துடைத்துக்கொண்டேன்.

வெயில் ஜன்னல் கம்பியிலிருந்து இறங்கி, ஹாலில் திறந்து கிடந்த என் டிரங்குப் பெட்டியின் விளிம்புக்கு வந்து, அங்கேயிருந்தும் போய்விட்டது. குதிகாலில் கடி இப்போது மந்தமாகிவிட்டது, காலுறை நுனிவிரலில் மட்டும் ஈரமாக இருக்கிறது போல. மகள் ஓவிய வகுப்பிலிருந்து வர இன்னும் நேரம் இருக்கிறது. அடுப்படியிலிருந்து அத்தை, “செம்பகம், மணி ஆறாகப் போகுதே. விளக்கு?” என்றாள். தினமும் கேட்கிற கேள்விதான். ஆனால் இவருடைய மார்க்கர் நின்றுவிட்டது. இவர் என்னைப் பார்க்கவில்லை, துண்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், பெயரில் பாதி எழுதியிருந்தது, செண்பக என்பதோடு கை அப்படியே நின்றிருந்தது, காது மட்டும் எனக்காகக் காத்திருந்தது. ஓர் அறையில் ஒருவர் மூச்சு விடாமல் இருந்தால் தெரிந்துவிடும். நான் யோசிக்கவில்லை. கை எங்கே போகிறது என்று பார்க்கவில்லை. “இன்னைக்கு நீங்க ஏத்துங்க அத்தை” என்றேன். “இன்னைக்கா?” என்றார் இவர். கேட்ட வேகத்துக்கு அவரே பயந்துபோய்க் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “இல்ல, நாள் நல்லாத் தள்ளிப்போச்சேன்னு பாத்தேன். ஒன்பது நாள்ல?” பதினோரு வருஷத்தில் இந்தத் தேதியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டறியாத மனுஷன். எங்கள் கல்யாணநாளையே நான்தான் ஞாபகப்படுத்துவேன். “ஓடுறேன்ல, அதான்” என்றேன். அவர் மார்க்கருக்கு மூடியைப் போட்டார். முகத்தில் ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லாமல் வைத்துக்கொள்ளப் பாடுபடுகிற முகம். “சரி. நான் கடைத்தெருவரைக்கும் போயிட்டு வாரேன்” என்று எழுந்து சட்டையை மாட்டினார். சட்டைப்பையில் நீலப் பேனா இருந்தது. பட்டியல் தரையில் கிடந்தது, வரிக்கு வரி அந்தப் புள்ளிகளோடு, எல்லாம் ஒரே அளவில், சின்னதாக, சுத்தமாக.

அத்தை கை கழுவிக்கொண்டு வந்து விளக்கை ஏற்றினாள். தீக்குச்சியை அணைத்துவிட்டுச் சாமி படத்தைப் பார்த்தபடி, “வயித்துவலிக்கு வெந்தயம் முழுங்குதியா, எடுத்துட்டு வரவா?” என்று வாசல்வரை கேட்கிற குரலில் கேட்டாள். கீழே கேட் சாத்துகிற சத்தம் கேட்டது. வண்டி கிளம்பி தெருமுனை திரும்புகிறவரை அவள் அங்கேயே நின்றாள். பிறகு வந்து என் டிரங்குப் பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். “காலண்டர்ல புள்ளி வெச்சது நான்னு நெனச்சிட்டிருந்தியோ?” என்றாள். நான் சுவரோரம் போய்த் திரும்பினேன். “நீ அதப் பாக்கதையும் என்னையப் பாக்கதையும் ஒரு வாரமாப் பாக்கேன். கண்ணாடி இல்லாம எனக்கு எங்க தாயி தேதி தெரியுது? எழுத்தெல்லாம் எறும்பா ஓடுது.” என் கால் தானாக நடையை நிறுத்தியிருந்தது. கீழே கிடந்த துண்டை எடுத்து மடித்துக்கொண்டே, பாதிப் பெயரை உள்ளே வைத்து மடித்துக்கொண்டே, இன்னும் மெதுவாகச் சொன்னாள். “மூணு நாளும் விளக்கு நான் ஏத்திக்கிடுதேன். நாலாம் நாள் புதன்கிழமை. காலையில எந்திரிச்சதும் தலைக்கு ஊத்திரு, அவன் பார்க்கிற மாதிரி கொடியில துண்டக் காயப்போடு. மறந்திராத.” துண்டைப் பெட்டிக்குள் வைத்தாள். “மதுரைக்குக் கெளம்பையில நான் மறந்துட்டேன். அவங்கப்பா கண்டுபிடிச்சிட்டாரு.”

அவள் எழுந்து போய் அடுப்பில் பாலைப் பார்த்தாள். நான் குனிந்து பூட்ஸுக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். காலுறை காய்ந்திருந்தது. ஆனாலும் கழற்றவில்லை. கைப்பையைத் திறந்து ரெக்கார்டு நோட்டுக்குள்ளிருந்து அந்த அட்டைப்பெட்டியை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போனேன். ஒரு கோடோ இரண்டு கோடோ, முதலில் நான் தெரிந்துகொள்ள வேண்டும், அதற்கப்புறம் என்ன செய்வது என்று நான் பார்த்துக்கொள்வேன். எந்தக் கை எந்தக் காலோடு போனது என்று நான் பார்க்கவில்லை.